மேற்படியார்

பெயின்டர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, பதிவு அலுவலகத்தின் இரண்டாவது கவுன்ட்டருக்கு முன்னால், தரையிலிருந்து ஏழு அங்குலம் உயர்ந்தார். ஏழு என்பது குத்துமதிப்பு அல்ல. பத்திரம் எழுதிய பத்திரக்காரரே கோடு போடும் மரஸ்கேலுடன் குனிந்து, செருப்பின் அடிக்கும் சிமென்ட் தரைக்கும் நடுவே வைத்து அளந்தார். பிறகு வெளியே போய் அலுவலக வாசற்படியில் ஒரு படியையும் அளந்துவிட்டு வந்து, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்கள், இதனால் தங்கள் வேலை தாமதமாகுமா என்று மட்டும் கேட்டார்கள். ஆகாது என்று பதிவாளர் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஊர் முழுக்க ஏணியக்கா என்று அழைக்கும் பெயின்டரின் மனைவி, கணவனின் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தாள். வாளித் தண்ணீரில் அமுக்கிய பந்துபோல அவர் கொஞ்சம் அமுங்கி, விட்டவுடன் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். இருவரும் அப்படியே வீட்டுக்கு நடந்து போனார்கள்.

இது எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஊரின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். நீதிமன்றமும் பிரார்த்தனைக் கூடமும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. இரண்டு வாசலிலும் விடிந்தால் அடைந்தால் கூட்டம். சட்டத்தில் 'நியாயமான நேரம்' என்று இருந்தால் அது காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை என்று கேட்பார்கள். மறைநூலில் 'அடுத்த வீட்டான்' என்று இருந்தால் சந்து திரும்பினாலும் அடுத்த வீடுதானா என்று கேட்பார்கள். விளக்கம் சொன்னால் அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் கேட்பார்கள். நீதிபதிக்கும் மதகுருவுக்கும் தொண்டை வற்றிப்போனது. வாழ்நாளில் எதிலுமே ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் அலுத்துப்போய் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போய், இரண்டு வாசலிலும் ஒரே மாதிரிப் பலகை மாட்டினார்கள். 'எழுதியது எழுதியபடியே' என்பது அதன் வாசகம். அந்தப் பலகைகளுக்கு வர்ணம் பூசியவரும் பெயின்டர்தான்.

மனிதர்கள் அந்த விதிக்குக் கட்டுப்படுவார்களா என்றுதான் எல்லோருக்கும் சந்தேகம். பொருள்களும் உடம்புகளும் கட்டுப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. அதிகாரியோ குருவோ வாய்விட்டு வாசித்த எழுத்து எதுவானாலும் அது அப்படியே நடக்கத் தொடங்கியது. சைக்கிள் திருடன் ஒருவன் தலைமறைவாகிவிட்டான் என்று காவல் நிலையத்தில் அறிக்கை வாசித்தார்கள்; அந்த நிமிடமே அவன் தலை மறைந்துபோனது. கழுத்து வரைக்கும் சட்டையோடு நிலையத்துக்கு வந்து நின்று, தன் தலையைத் திருப்பிக் கொடுக்கும்படி சைகை காட்டினான். அவர்களிடம் இருந்தது முகத்தின் புகைப்படம் மட்டுமே என்பதால், இவன் அவன்தான் என்று உறுதி செய்ய முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் 'பகைவனின் சுமையில் பாதியை நீ சும' என்ற வரியை வாசித்த நாளிலிருந்து, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மளிகைக்காரர்களில் ஒருவர் மூட்டை தூக்கினால் மற்றவருக்குத் தோள் வலித்தது. எந்த நேரத்தில் யார் தூக்குவது என்று பேசி முடிவு செய்ய வேண்டி வந்ததால் இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். ஊர் இதையெல்லாம் மழை வெயில்போல ஏற்றுக்கொண்டு, எழுதும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்கப் பழகியது.

பத்திரக்காரர் அந்த ஊருக்குப் புதியவர், பெரிய ஊரில் தொழில் படித்தவர். அவருக்கு முன் இருந்தவர் ஒவ்வொரு வரியிலும் ஆளின் முழுப்பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிக் காகிதத்தை நிரப்புவார். புதியவருக்கு எழுத்துச் சிக்கனம் உயிர். பெயின்டரும் ஏணியக்காவும் இருபத்து நான்கு வருடம் அடுத்தவர் சுவர்களுக்கு அடித்த வர்ணத்தில் மிச்சம் பிடித்து, ஒரு கூடமும் இரண்டு அறையுமாக வீடு கட்டியிருந்தார்கள். அதைப் பதிவு செய்ய வந்தபோது, தன் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கும்படி ஏணியக்கா கேட்டாள். அதெல்லாம் தானாக வந்துவிடும் என்று பத்திரக்காரர் சொல்லி, பெயின்டரின் பெயரை ஒருமுறை எழுதி, இனி இந்தப் பத்திரத்திலும் இதைத் தொட்டு எழும் எல்லாக் கடிதப் போக்குவரத்திலும் இவரை அடுத்த வரியில் கண்டபடியே குறிக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். அடுத்த வரி: 'இவ்வீட்டில் மேற்படியாரும் அவர் மனைவியும் குடியிருப்பார்கள்.' பதிவாளர் அதை வாசித்தார். முன்னே சொல்லப்பட்டவர் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள எழுத்துக்கு அனுமதி இல்லை. மேல்படி என்றால் மேலே ஒரு படி. பெயின்டர் ஏறிவிட்டார். ஏணியக்கா மேற்படியாரின் மனைவி மட்டுமே என்பதால் தரையிலேயே நின்றாள்.

முதல் இரண்டு வாரம் பெயின்டருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷப்படுகிறவனுக்குக் கால் தரையில் பாவவில்லை என்று சும்மா சொல்வார்கள். இவருக்கு அது ஸ்கேல் வைத்து அளந்த உண்மை. தெருச் சேறு ஒட்டாமல் நடந்தார், டீக்கடையில் எல்லோருடைய தலைக்கும் மேலே பார்த்துப் பேசினார், உயரம் குறைந்த அறைகளுக்கு ஏணி இல்லாமலே கூரை ஓரம் வரைக்கும் ரோலர் ஓட்டினார். "இன்னிக்கு ஏணி வேணாம், நீ வீட்லயே இரு" என்று மனைவியிடம் அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஓய்வெடுக்கட்டும் என்றுதான் சொன்னார். ஏணியக்காவுக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது. கல்யாணமான மறுவாரத்திலிருந்து அவள் அந்த ஏணியின் காலடியில் நிற்கிறாள். பட்டிமாவு குழைப்பதும், வர்ணத்தைப் பழந்துணியில் வடிகட்டுவதும், உப்புத்தாள் கிழித்துக் கொடுப்பதும் அவள் வேலைதான் என்றாலும், ஏணி பிடிப்பதுதான் பெரிய வேலை. அடிப்படியில் ஒரு காலை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால், மரத்தின் அதிர்விலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரியும்: அவர் மூலைக்கு வந்துவிட்டாரா, பிரஷ்ஷில் வர்ணம் தீர்ந்துவிட்டதா, வீட்டுக்காரர் சொன்ன குறையில் முகம் சுளித்துக்கொண்டிருக்கிறாரா. நிமிர்ந்து பார்க்கத் தேவையே இருந்ததில்லை. இப்போது வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல், ஏற்கெனவே கழுவிய வாளிகளையே மறுபடியும் கழுவினாள்.

மூன்றாவது வாரம் நகரசபைக் கட்டட ஆய்வாளர் நோட்டீஸோடு வந்தார். அனுமதியின்றி உயரத்தைக் கூட்டியது குற்றம் என்று அதில் இருந்தது. உயரக் கூடாதது கட்டடம் மட்டுமே என்று விதியில் எங்கேயும் சொல்லவில்லையாம். கூடத்தில் நின்று அவர் வாசிக்க வாசிக்க, 'மேற்படியார்' என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது. ஏற்கெனவே ஏறிய ஒன்றோடு ஐந்து படி. பெயின்டரின் பாதம் ஏணியக்காவின் இடுப்புக்கு வந்துவிட்டது. பத்திரக்காரர் பதறி அடித்துக்கொண்டு ஒரு பதில் மனு எழுதினார். எவ்வளவு சுருக்கிப் பார்த்தும், தானே போட்ட நிபந்தனையால் அந்தச் சொல்லை மூன்று இடத்தில் தவிர்க்க முடியவில்லை. எட்டுப் படி. மனுவைத் தள்ளிய உத்தரவு இரண்டே வரிதான், வரிக்கு ஒன்று. பத்துப் படி. இப்போது வீட்டுக்குள் பெயின்டருக்கு நிற்க இடமில்லை. கூரைக்குக் கீழே அந்தரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ரோலர் மாட்டும் நீளக் கழியின் நுனியில் தூக்குச்சட்டியைக் கோத்து ஏணியக்கா சோறு ஏற்றிக் கொடுப்பாள். எதிர்த்த வீட்டில் சன்னலுக்கு வர்ணம் பூசப் பழக்கதோஷத்தில் போய் நின்றபோது, சன்னல் அவருடைய முழங்காலுக்குக் கீழே இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பெயரைக் கேட்டபோதே உஷாராகியிருக்க வேண்டும். நீதிமன்ற எழுத்தர் எழுத்துப்படியே மேலே, மொட்டை மாடிக்கு ஏறி நின்று அந்த மனுவை முறையிட்டார். அதில் ஒன்பது இருந்தன.

பத்தொன்பது படி என்றால் அவர்கள் வீட்டுக் கூரையைவிடச் சரியாக ஒரு படி அதிகம். ஆகவே பெயின்டர் மொட்டை மாடிக்குக் குடி போனார். மாடிக்குப் படிக்கட்டு கட்ட வசதி இல்லாமல் விட்டிருந்ததால், ஏணியக்கா வெளிச்சுவரில் ஏணியைச் சாத்தி ஒரு நாளைக்கு மூன்று வேளை ஏறினாள். முதுகில் துணி முடிச்சில் சாப்பாடு, தோளில் துவைத்த சட்டை. அவர் ஒரு நாளும் எதற்கும் நன்றி சொல்லிப் பழகாதவர். மனைவி பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் கிடையாது. மோசமான மனிதர் இல்லை. பெரும்பாலான கணவர்களைப்போல, அவள் பேச ஆரம்பித்தால் அவர் காது தானாக வேறு வேலை பார்க்கும், அவ்வளவுதான். மாடியில் உட்கார்ந்து மேகத்தின் நிறத்தைப் பார்த்து, அதை வெள்ளையும் கொஞ்சம் நீலமும் ஒரு சொட்டுக் கறுப்பும் கலந்தால் கொண்டுவந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பயம் வந்தால் அவர் அப்படித்தான் நிறங்களைப் பற்றிப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும்.

பயப்படக் காரணம் இருந்தது. மேல்முறையீட்டில் தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். தட்டச்சுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தீர்ப்பின் நகலைப் பார்த்த பத்திரக்காரர், இரண்டு முறை எண்ணிவிட்டு, வீட்டு வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாற்பது இடம். பத்தொன்பதும் நாற்பதும் ஐம்பத்தொன்பது. அவர்களுடைய ஏணியோ நீட்டி நிமிர்த்திச் சாத்தினால் முப்பது படி உயரத்துக்குத்தான் எட்டும். ஏணி வைத்தாலும் எட்டாது என்று ஊரில் பெரிய மனிதர்களைப் பற்றிச் சொல்வதை ஏணியக்கா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அது தன் புருஷனைப் பற்றியதாகும் என்று நினைத்ததில்லை. சாப்பாடு எப்படிப் போகும், மழைக்கு என்ன போர்த்துவார், பெருங்காற்று அடித்தால் எந்தப் பக்கம் போய்ச் சேருவார் என்று அவள் கேட்டாள். வழக்கைத் திரும்பப் பெறலாமென்றால் அந்த மனுவிலும் ஆறு இடம் வரும், அதையும் தள்ளினால் மேலும் இரண்டு, அதற்கு மேல் தீர்ப்பின் நாற்பதும். பலகையைக் கழற்றிவிடலாமே என்றவர்களுக்கு, கழற்றலாம் என்று அதில் எழுதவில்லை என்று பதில் கிடைத்தது. ஏணியக்கா அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வழி சொன்னவர் மதகுரு. ஒரு சொல் ஆளை ஏற்றுமானால் இறக்குகிற சொல் ஒன்றும் எங்காவது இருக்கத்தானே வேண்டும் என்று அவர் மறைநூலை அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் புரட்டி, திருமண அத்தியாயத்தில் அதைக் கண்டுபிடித்தார். 'நான் உனக்குக் கீழ்ப்படிவேன்.' ஒவ்வொரு கல்யாணத்திலும் மணமகள் சொல்லும் வரி. ஏணியக்காவும் சொன்னதுதான், பலகை மாட்டுவதற்கு முன்னால் சொன்னதால் வெறும் வார்த்தையாகப் போய்விட்டது. பலகைக்குப் பின் மூன்று கல்யாணம் நடந்தது. அந்த மூன்று மணப்பெண்களும் கணவன் சொன்னதைச் செய்த ஒவ்வொரு தடவையும் ஒரு படி தரைக்குள் இறங்கி, மண்வெட்டி கொண்டு தோண்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. யாரும் யாருக்கும் எதுவும் உத்தரவு போடுவதில்லை என்று மூன்று குடும்பங்களும் முடிவு செய்து சுகமாக இருந்தன. குரு கவனித்த விஷயம் வேறு. நூலில் மையால் அச்சிட்டிருந்தது அந்த வரி மட்டும்தான். பக்கத்தின் ஓரத்தில் 'மணமகள்' என்று இருந்தது பென்சில் எழுத்து, பழைய குரு யாரோ தன் வசதிக்குக் குறித்து வைத்தது. பென்சில் மறைநூல் ஆகாது. ஆகவே அதை யார் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். பெயின்டர் மனைவிக்குச் சொல்லிவிட்டு, அவள் பேச்சைக் கேட்டுக்கேட்டு ஒவ்வொரு படியாக இறங்கிவிடலாம்.

இதைக் கேட்டு ஊர்ப் பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள், ஆண்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். பெயின்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஊர் முன்னாடி நின்று பொண்டாட்டிக்குக் கீழ்ப்படிகிறேன் என்று சொல்ல வேண்டுமா, அதற்கு மேகத்தோடு மேகமாகப் போய்விடுகிறேன் என்றார். சொன்னது வாய்தான், இரண்டு நாளாக நிறங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஏணியக்கா ஆறு நாள் வாதாடினாள். அவர் காது ஆறு நாளும் வேறு வேலை பார்த்தது. கடைசியில் ஏணியின் மேல்படியில் நின்றபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"எனக்கு நீங்க கீழ்ப்படியவே வேணாம். கீழ வந்தா போதும்."

அவள் காலிப் பாத்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். தீர்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அது. மத்தியானம் பெய்த தூறலில் சுவரோரம் மண் இளகியிருந்தது. நான்காவது படியில் அவள் கால் வைத்தபோது ஏணி ஒரு பக்கமாக வழுக்கியது. பெயின்டர் பாய்ந்து வந்து, மாடி விளிம்பில் குப்புற விழுந்து, ஏணியின் இரண்டு கொம்பையும் பிடித்துவிட்டார். பிடித்த பிடியை விடாமல் கீழே எட்டிப் பார்த்தார். அவளுக்குக் கீழே ஏணியின் காலடியில் ஒருவரும் இல்லை. அங்கே எப்போதும் ஒரு ஆள் இருக்கும். அந்த ஆள்தான் இப்போது ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக, நாளைக்கு மூன்று தடவை, அவள் இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு யாரு ஏணி பிடிக்கிறா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவள் தரையில் கால் வைக்கும் வரைக்கும் அவர் கொம்பை விடவில்லை. பிறகு, காலையில் குருவை வரச் சொல்லும்படி மேலிருந்து சொன்னார்.

மறுநாள் தீர்ப்பு பதினோரு மணிக்கு. சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் வாசிக்க வேண்டும் என்று விதி இருந்ததாலும், நீதிமன்றக் கூடம் மாடியில் இருந்ததாலும், பெயின்டர் தெருப்பக்கச் சன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்றார். எழுத்தர் வருகையைக் குறித்துக்கொண்டார். கீழே தெருவில் ஏணியக்கா ஏணியைச் சுவரில் சாத்தி, ஆளில்லாத ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி ஊர் அவள் பின்னால் நின்றது. பத்தரைக்குக் குரு அண்ணாந்து பார்த்துத் திருமண வரியை வாசித்தார். பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கிக்கொள்கிறவரைப்போல, ஆனால் தெளிவாக, அதை மனைவியைப் பார்த்துச் சொன்னார். ஆண்கள் சிலர் இருமினார்கள். ஏணியக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும்படி சொன்னாள். வர்ணத் துளி தெறித்துத் தெறித்து அம்மை போட்டதுபோல் இருந்த கண்ணாடி அது. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் துடைத்தார், ஒரு படி இறங்கினார்.

அப்புறம் அவள் தயங்கவே இல்லை. சட்டைக் கையை மடக்கி விடச் சொன்னாள். பாக்கெட்டில் இருந்த சிகரெட் பெட்டியைக் கீழே போடச் சொன்னாள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லச் சொன்னாள், சொன்னார். சொல்லச் சொன்னதைச் சொல்வதும் கீழ்ப்படிதல்தான் என்று எழுத்து ஒப்புக்கொண்டு அவரை ஒரு படி இறக்கியது. பதினோரு மணிக்கு நீதிபதி ஆரம்பித்தார். அவர் நிதானமான மனிதர். முதல் பக்கங்களில் பத்து வரிக்கு ஒரு தடவைதான் அந்தச் சொல் வந்தது. அவர் ஒன்று ஏற்றினால் இவள் இரண்டு இறக்கினாள். ஆறாம் பக்கத்தில் வாக்கியத்துக்கு ஐந்து மேற்படியார் வந்தார்கள். பெயின்டர் சன்னலைத் தாண்டி, சன்னல் மேல் வளைவைத் தாண்டிப் போனார். கூட்டத்தில் ஆளுக்கொரு உத்தரவு கத்தினார்கள். அவர் வாக்குக் கொடுத்தது மனைவிக்கு மட்டும் என்பதால் அது எதுவும் எடுபடவில்லை. ஏணியக்கா மூச்சு வாங்க, தலையை வாரச் சொன்னாள், பித்தானைப் போடச் சொன்னாள், நிமிர்ந்து நிற்கச் சொன்னாள், கூன் போடுவதில்லை என்று சொல்லச் சொன்னாள். இருபத்து நான்கு வருடத்தில் காற்றோடு போன அவளுடைய பேச்செல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தது. ஒன்றுகூட மறக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

நடுவில் ஒரு இடத்தில் பெயின்டர் மாட்டிக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் அவருடைய அண்ணன், தச்சுவேலை செய்பவர், வேடிக்கை பார்ப்பதுபோல நின்றார். அண்ணன் செய்த ஒரு கதவுக்குத் தம்பி அடித்த பச்சை சரியில்லை என்று ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. அண்ணனிடம் பேசுங்கள் என்று ஏணியக்கா சொன்னாள். பெயின்டர் வாயை இறுக மூடிக்கொண்டார். மாடியில் நீதிபதி பக்கத்தைத் திருப்பினார்: ஒன்று, இன்னொன்று. அவர் ஏறிக்கொண்டே போனார். ஏணியின் நுனி அவருடைய காலுக்குக் கீழே வந்துவிட்டது. தச்சர் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு ஏணிக்கு ஓடி வந்து, தம்பி மனைவியின் கைக்குப் பக்கத்தில் தானும் கை வைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணே" என்று மேலிருந்து சத்தம் வந்தது. "சாப்டியா?"

"இன்னும் இல்லடா. நீ மொதல்ல இறங்கு" என்றார் தச்சர்.

பெயின்டர் இறங்கினார். அதற்கப்புறம் அவர் எதற்கும் தயங்கவில்லை. சன்னலைத் தாண்டி, கதவு வளைவைத் தாண்டி, கூட்டத்தின் தலைகளைத் தாண்டி இறங்கிக்கொண்டே வந்தார். பத்திரக்காரர் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எண்ணிக்கை வைத்தார்: ஏறியது நாற்பது, இறங்கியது ஐம்பத்தெட்டு. ஒரு படி பாக்கி இருந்தபோது ஏணியக்காவுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு, என் பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று மெல்லச் சொன்னாள். அவர் வந்து நின்றார். செருப்பின் அடியில் தெருப்புழுதி நெரிபடும் சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டது. பெயின்டர் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஏணியக்கா ஏணியை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

தீர்ப்பின் நகலில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் நீதிபதி சன்னல் வழியாக ஒரு தடவை கீழே எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியில் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்து, அதையும் வாசித்தார்: 'ஆகவே மேற்படியார் இருவரும் தங்கள் வீட்டில் சரிசமமாய்க் குடியிருக்கக் கடவர்.' தெரிந்துதான் எழுதினாரா, பழக்கத்தில் கை எழுதிவிட்டதா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அந்த வரி முடிந்தபோது பெயின்டர் மறுபடியும் ஏழு அங்குலம் உயர்ந்தார். இந்த முறை ஏணியக்காவும் கூடவே உயர்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காகிதத்தில் அவள் வந்திருந்தாள், யாருடைய மனைவியாகவும் இல்லாமல். அது எப்படி இருந்தது என்று பிறகு கேட்டவர்களிடம், சுவருக்கு முதல் கோட் அடித்தவுடன் அறையே பெரிதாகத் தெரியுமே அப்படி இருந்தது என்றாள்.

பெயின்டருக்கு இறங்க வழி இருந்தது, அவளுக்கு இல்லை. குரு மறைநூலை விரித்து, அவளும் அந்த வரியைச் சொன்னால் இரண்டு பேருமே இறங்கிவிடலாம் என்றார். ஒரு தடவை சொன்னது போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். பெயின்டர் அவள் கையை விடாமல், ஏதாவது சொல்லு, நான் மட்டுமாவது இறங்கி உனக்கு வேண்டியதைக் கீழேயிருந்து எடுத்துக் கொடுக்கிறேன் என்று கேட்டார். அவள் யோசித்தாள். கூட்டமே காது கொடுத்துக் கேட்டது.

"வேணாம்" என்றாள். "இங்கயே இருங்க."

எழுத்து அந்த இடத்தில் திணறிப்போனது. சொன்னபடி அவர் அங்கேயே இருந்தால் அது கீழ்ப்படிதல். கீழ்ப்படிந்தால் ஒரு படி இறங்க வேண்டும். இறங்கினால் அங்கேயே இருக்கச் சொன்னதை மீறியதாகிவிடும். மீறினால் இறங்கக் கூடாது. பெயின்டரின் உடம்பு கொதிக்கும் பாத்திரத்தின் மூடிபோலக் கொஞ்ச நேரம் லேசாக நடுங்கியது. பிறகு அடங்கிவிட்டது. நீதிபதி தன் புத்தகத்தைப் பார்த்தார், குரு தன் புத்தகத்தைப் பார்த்தார். இரண்டிலும் இதற்கு ஒரு வரி இல்லை என்பதால் சாப்பாட்டுக்குக் கலைந்துவிட்டார்கள். தச்சரைப் பெயின்டர் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஏணியக்கா கணவனுக்கு எதையும் உத்தரவாகச் சொன்னதில்லை. செய்கிறீர்களா என்று கேட்பாள், அவரும் கேட்பார், இருவரும் செய்வார்கள். கேட்டதைச் செய்வது கீழ்ப்படிதலில் சேராது என்று குரு அகராதியைப் பார்த்து உறுதி சொல்லியிருக்கிறார். வேலைக்கு இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். சுவரின் மேல்பாதியை ஒரு நாள் அவர் ஏறி அடித்தால் மறுநாள் அவள் ஏறி அடிக்கிறாள். யார் ஏறினாலும் இன்னொருவர் பிடிக்கிறார். அவர்களுக்கு ஏணி பிடிக்கத் தெரியும், கூடவே கொஞ்சம் குனியவும் பழகிக்கொண்டார்கள். தச்சர் அவர்கள் வீட்டு வாசல் நிலையை ஏழு அங்குலம் உயர்த்திக் கொடுத்தார், கதவுக்கு என்ன நிறம் என்று மட்டும் தம்பியிடமே விட்டுவிட்டார். மழைக்காலத்தில் ஊரெல்லாம் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போகும்போது அவர்கள் அப்படியே போய்விடுகிறார்கள். செருப்புக் கடைக்காரருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.